ஒரு அட்டை, ஒரு படிக்கட்டு, ஒரு விமானம்! - அமெரிக்காவின் மன்சி நகரில் பறக்கும் ஏழைகளின் இறக்கை

விமானத்தின் இறக்கை எப்படி இருக்கும்? மேலே வழவழப்பான வளைவு, முன்னால் உருண்டை, பின்னால் கத்தி முனை போல மெலிவு. ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டாலும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள்.

அந்த வழவழப்பான வளைவை நடுவில் திடீரென்று வெட்டிவிட்டு, மாடிப்படி மாதிரி ஒரு படி வைத்தால் என்ன ஆகும்?

"விழுந்துவிடும்" என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மன்சி என்ற ஊருக்குப் போனால், ஃபோம் அட்டையில் செய்த படிக்கட்டு இறக்கை ஏன் விழாது என்று சொல்ல ஆள் கிடைப்பார்கள். அந்த ஊர்தான் அமெரிக்க மாடல் விமானக்காரர்களின் தலைநகரம்.

சோளக்கொல்லைக்கு நடுவே 1,000 ஏக்கர்

இண்டியானாபோலிஸ் விமான நிலையத்தில் இறங்கி, 69-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடகிழக்கே காரில் சுமார் ஒன்றே கால் மணி நேரம் போனால் மன்சி. வழியெல்லாம் தட்டையான நிலம். ஒரு பக்கம் சோளம், இன்னொரு பக்கம் சோயா. மலை, அருவி, கடற்கரை என்று சுற்றுலாக்காரர்கள் தேடும் எதுவும் கிடையாது. தஞ்சாவூர்க்காரர்களுக்கு மட்டும் இந்தத் தட்டை நிலம் பழகினதாக இருக்கும்.

ஆனால், ஊர் சாதாரண ஊர் அல்ல. 1880-களில் இங்கே பூமிக்கடியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. எரிவாயு மலிவு என்றால் கண்ணாடித் தொழிலுக்குக் கொண்டாட்டம். பால் சகோதரர்கள் ஐந்து பேர் தங்கள் கண்ணாடி ஜாடித் தொழிலை இங்கே கொண்டுவந்தார்கள். அமெரிக்க வீட்டுச் சமையலறைகளில் ஊறுகாய், ஜாம் போட்டு வைக்கும் 'பால்' ஜாடி அப்படித்தான் பெயர் பெற்றது. ஊரின் பல்கலைக்கழகத்துக்கும் அவர்கள் பெயர்தான். அங்கே படித்த ஜிம் டேவிஸ்தான் குண்டுப் பூனை கார்ஃபீல்டை வரைந்தவர். அந்தப் பூனை வசிக்கும் ஊரும் கதைப்படி மன்சியேதான். டி.வி-யில் "சின்னதா ஒரு சந்தோஷ மரம்" என்று பேசிக்கொண்டே ஓவியம் கற்றுக்கொடுத்த பாப் ராஸின் நிகழ்ச்சி பெரும்பாலும் படமானதும் இந்த ஊரில்தான். அந்தப் பழைய வீடு இப்போது மியூசியம்.

எரிவாயு தீர்ந்தது. பிறகு வந்த கார் பாகத் தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. பால் நிறுவனத்தின் தலைமை அலுவலகமே 1998-ல் கொலராடோவுக்குக் குடிபோய்விட்டது. ஆலை மூடிய ஊர்கள் எப்படி இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஊருக்கு 1990-களில் குடிவந்த அமைப்புதான் 'அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ்'. 1936-ல் தொடங்கிய மாடல் விமானக்காரர்களின் சங்கம் இது. ஊரின் கிழக்கு ஓரத்தில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலம், புல்வெளி ஓடுபாதைகள், அலுவலகம், அதோடு தேசிய மாடல் விமான மியூசியம். கோடைக்காலத்தில் தேசியப் போட்டி இங்கேதான் நடக்கும். ரிமோட் விமானங்கள், கம்பியில் கட்டிச் சுழற்றும் விமானங்கள், கையைவிட்டு ஏவியதும் காற்றின் போக்கில் தானாகப் பறக்கும் விமானங்கள் என்று வகை வகையாக வரும். கடைசி ரகத்தின் சொந்தக்காரர்களுக்குப் பறக்கவிடுவதைவிட, பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடுவதுதான் பெரிய வேலை. சோளக்கொல்லைக்குள் விழுந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பது தனிக்கலை.

நம் ஊரில் ஏரோ மாடலிங் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நடிகர் அஜித். பணம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற நினைப்பும் கூடவே வரும். அமெரிக்காவிலும் அந்த நினைப்பு உண்டு. அதில் உண்மையும் உண்டு. பெரிய ஜெட் மாடல் ஒன்றின் விலையில் ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பதுதான் படிக்கட்டு இறக்கை.

நியூயார்க்கில் பறந்த காகிதம்

இந்தக் கதை தொடங்கியது விமானத் தொழிற்சாலையில் அல்ல, ஒரு காகிதத்தில்.

ரிச்சர்ட் கிளைன் நியூயார்க்கில் விளம்பரத் துறையில் இருந்தவர். காற்று பலமாக அடித்தாலும் கவிழாத, மேலே ஏறித் தானாகவே நிலைப்பட்டு, நீளமாக மிதந்து இறங்கும் காகித விமானம் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவருக்கு ஆசை. மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். கடைசியில் மடிப்புகளால் இறக்கையில் ஒரு படி உண்டானது. அந்த விமானம் அவர் நினைத்தபடியே பறந்தது. அதை ஃபிளாய்ட் ஃபோகல்மேனிடம் காட்டினார். மூக்கைத் தூக்கியும் தலைகுப்புற விழாமல் அது பறப்பதைப் பார்த்து, அவரும் கூட்டுச் சேர்ந்தார்.

இருவரும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1972 டிசம்பர் 19-ம் தேதி அமெரிக்க அரசு கொடுத்தது. எண் 37,06,430. அடுத்த வருடம் 'டைம்' பத்திரிகையில் செய்தி வந்தது. சி.பி.எஸ். டி.வி-யின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியிலும் வந்தது. காகிதம் மடித்த இருவர் விமான உலகத்தையே மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. எந்தப் பத்திரிகையாளருக்குத்தான் இப்படியொரு கதை கசக்கும்?

பிறகு வந்தது பரீட்சை. நாசாவின் நிதியுதவியோடு 1974-ல் காற்றுச் சுரங்க ஆய்வு நடந்தது. காற்றுச் சுரங்கம் என்றால், இறக்கையை அசையாமல் நிறுத்தி, காற்றை வேகமாக ஓடவிட்டு அளக்கும் கூடம். இறக்கை தரும் தூக்குவிசை எவ்வளவு, அதற்காக வாங்கும் இழுவை எவ்வளவு என்பதுதான் கணக்கு. மைலேஜ் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு கொஞ்சம் கொடூரமாகவே இருந்தது. அந்தக் கணக்கில் படிக்கட்டு இறக்கை, வெறும் தட்டைப் பலகையைவிட மோசம்.

அத்தோடு பெரிய விமானங்களில் படிக்கட்டு இறக்கை என்ற கனவு முடிந்தது. இன்று வரை எந்தப் பயணிகள் விமானத்திலும் அது இல்லை. ஆய்வு தப்பா? இல்லை. எரிபொருளுக்குக் காசு கொடுக்கும் எந்த நிறுவனமும் மைலேஜ் குறைந்த இறக்கையை வாங்காது. கிளைன் மட்டும் விடவில்லை. 1985-ல் தன் காகித விமானத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

தும்பிக்குத் தெரிந்த ரகசியம்

விஷயம் செத்துப்போகாமல் இருந்ததற்குக் காரணம், காற்று எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

போயிங் விமானத்துக்குக் காற்று தண்ணீர் மாதிரி. சின்ன மாடலுக்கு அதே காற்று கொஞ்சம் எண்ணெய் மாதிரி. அளவு சிறிதாக, வேகம் குறைவாக ஆக, காற்றின் பிசுபிசுப்பு பெரிதாகத் தெரியும். இதை அளக்கப் பொறியாளர்கள் ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெரிய விமானத்துக்கு அது கோடிக்கணக்கில் போகும். 15 சென்டிமீட்டர் அகல இறக்கையோடு நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் மாடலுக்குச் சுமார் ஒரு லட்சம்தான். மழைக்கு முன்னால் தாழப் பறக்கும் தும்பிக்குச் சில ஆயிரம்.

தும்பியின் இறக்கையை உருப்பெருக்கியில் பாருங்கள். வழவழப்பாக இருக்காது. தகரக் கூரை போல மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புகளின் பள்ளங்களில் காற்று சிக்கிச் சின்னச் சின்னச் சுழலாகச் சுற்றும். மேலே ஓடும் காற்றுக்கு அந்தச் சுழல்கள்தான் தரை. பள்ளமே இல்லாதது போல வழுக்கிக்கொண்டு போய்விடும்.

படிக்கட்டு இறக்கையின் நியாயமும் இதேதான். முன்பக்கம் தடிமன், நடுவில் சட்டென்று ஒரு படி இறக்கம், அதற்குப் பிறகு மெல்லிய தகடு. படியின் காலடியில் ஒரு சுழல் மாட்டிக்கொள்ளும். மேலே வரும் காற்று அதன் மீது ஏறிக் கடந்து, மறுபடியும் இறக்கையோடு ஒட்டிக்கொள்ளும். இதனால் மைலேஜ் கூடும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மாடல்காரர்கள் மெச்சுவது வேறொன்றை. மூக்கை அதிகம் தூக்கிவிட்டால் சாதாரண இறக்கை சட்டென்று தூக்குவிசையை இழந்து ஒரு பக்கமாகச் சாயும். படிக்கட்டு இறக்கை பொறுமையாகத் தளும்பி, மெதுவாக இறங்கும் என்கிறார்கள். புதிதாகப் பழகுகிறவனுக்கு அந்த இரண்டு விநாடி போதும், கை சுதாரித்துக்கொள்ள.

இன்னொரு லாபம் காற்றில் இல்லை, கத்தியில் இருக்கிறது. நல்ல வளைவு இறக்கை செய்ய பால்சா மரத்தில் விலா விலாவாக வெட்டி, மேலே தாள் ஒட்ட வேண்டும். அல்லது தெர்மகோலைச் சூடான கம்பியால் அறுக்க வேண்டும். படிக்கட்டு இறக்கைக்கு ஸ்கேலும் பேப்பர் கட்டரும் போதும். அட்டை மேல் அட்டை ஒட்டினால் படி தானாக வந்துவிடும். இரண்டு அட்டை சேர்ந்தால் இறக்கைக்கு விறைப்பும் வந்துவிடும். கட்டிப்பிடித்துச் சொல்வதானால், இந்த இறக்கையின் வெற்றியில் பாதி இந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் சேர வேண்டும்.

கடையிலிருந்து களத்துக்கு

அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் 'டாலர் ட்ரீ' என்ற கடை இருக்கும். எல்லாப் பொருளும் ஒரு டாலர் என்று பல வருடம் விற்றவர்கள், 2021 கடைசியில் ஒன்றேகால் டாலருக்கு ஏற்றினார்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் சாமான்கள் இருக்கும் வரிசையில் ஃபோம் போர்டு அடுக்கியிருக்கும். 20 அங்குலம் அகலம், 30 அங்குலம் நீளம், 5 மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பக்கமும் காகிதம். அறிவியல் கண்காட்சிக்குப் படம் ஒட்டுவதற்காக வந்த அட்டை. மாடல்காரர்கள் அதைக் கட்டுக் கட்டாக வாங்கிப் போனார்கள்.

வீட்டுச் சுவருக்குக் குளிர் தாங்க அடிக்கும் ஃபோம் விரிப்பையும் அவர்கள் விடவில்லை. மடிப்பு மடிப்பாக வரும் அந்த நீல நிற விரிப்பு 6 மில்லிமீட்டர் தடிமன். கட்டட வேலைக்கு வந்த பொருள், களத்தில் விமானமாகிவிடுகிறது.

2000-களின் பிற்பகுதியில் இந்த மலிவு ஃபோமும், விலை குறைந்த சீன மோட்டார்களும், லித்தியம் பேட்டரியும் ஒரே நேரத்தில் கைக்கு வந்தன. முப்பது வருடம் தூங்கிக்கொண்டிருந்த படிக்கட்டு இறக்கை எழுந்து உட்கார்ந்தது. கிளைன், ஃபோகல்மேன் இருவரின் முதலெழுத்தைச் சேர்த்து 'கே.எஃப்.எம்.' என்று பெயர் வைத்து, கூடவே எண்ணும் போட்டார்கள். படி அடிப்பக்கம் இருந்தால் ஒன்று. மேல்பக்கம் நடுவில் ஒரு படி என்றால் இரண்டு. மேல்பக்கம் பாதியில் ஒன்று, முக்காலில் இன்னொன்று என இரட்டைப் படி வைத்தால் மூன்று. மேலும் கீழும் ஆளுக்கொரு படி என்றால் நான்கு. நான்காவது வகை தலைகீழாகவும் அதே மாதிரி பறக்கும் என்பதால், கரணம் அடிக்கும் விமானக்காரர்களுக்குப் பிடித்தம்.

பழகுகிறவர்களுக்கு இரண்டாம் வகைதான் சுலபம். ஒரு ஃபோம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 75 சென்டிமீட்டர் நீளத்தில் 13 சென்டிமீட்டர் அகலத் துண்டு ஒன்று, அதே நீளத்தில் ஆறரை சென்டிமீட்டர் அகலத் துண்டு ஒன்று. முன் விளிம்புகள் சரியாகப் பொருந்தும்படி சின்னதைப் பெரியதின் மேல் ஒட்டினால் இறக்கை தயார். மொத்தத் தடிமன் ஒரு சென்டிமீட்டர், அதாவது அகலத்தில் எட்டு சதவிகிதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வகைக்குச் சொல்லப்படும் ஏழு முதல் ஒன்பது சதவிகிதத்துக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் அட்டையிலேயே உடம்பும் வாலும் வெட்டிவிடலாம்.

ஒட்டுவதற்கு முன் கீழ் அட்டையில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கீறி, மூங்கில் குச்சியோ மெல்லிய கார்பன் குழாயோ பதிக்க வேண்டும். அதுதான் இறக்கையின் முதுகெலும்பு. மேல் அட்டை வந்து மூடிக்கொள்ளும். முன் விளிம்பை உப்புத்தாளால் உருட்டி, மேலே டேப் ஒட்டிவிடலாம்.

கைராசிக்காரர்கள் கவிழும் இடம் இனிமேல்தான். முன் விளிம்பை உருட்டிய கை சும்மா இருக்காது. படியையும் தேய்த்து, சரிவாக்கி, பார்க்க அழகாக ஆக்கிவிடும். கூடாது. படி செங்குத்தாக, கூர்மையாக நிற்க வேண்டும். அதைத் தேய்த்தால் சுழலுக்கு மாட்டிக்கொள்ள இடம் இருக்காது.

இன்னொன்று பசை. நாம் செருப்பு முதல் சாவிக்கொத்து வரை எல்லாவற்றுக்கும் போடும் உடனடிப் பசையை இந்த ஃபோமில் விட்டால், அது ஃபோமைத் தின்று குழி போட்டுவிடும். ஃபோமுக்கென்றே வரும் பசை, சூடு அதிகமாகாத பசைத் துப்பாக்கி, பாலியூரித்தேன் பசை இவைதான் ஆகும். ஒட்டிய பிறகு சமதளமான மேஜையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட வேண்டும். முறுக்கிக்கொண்டு காய்ந்த இறக்கை, என்ன செய்தாலும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு, முன் விளிம்பிலிருந்து மூன்றேகால் சென்டிமீட்டர் தள்ளி, இறக்கையின் அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். விமானம் தராசு போல நிற்க வேண்டும். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தால் பரவாயில்லை. வால் கீழே போனால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஓடிப்போய் ஏவி, முதல் நாளே அட்டையைக் குப்பையில் போட்டவர்கள் ஏராளம்.

விதிமுறையும் வானமும்

அமெரிக்காவில் இப்போது பொழுதுபோக்காக விடுவதற்கும் சட்டம் உண்டு. மொத்த எடை 250 கிராமைத் தாண்டினால் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் ஐந்து டாலர் கட்டிப் பதிய வேண்டும். மூன்று வருடத்துக்குச் செல்லும். எடை எதுவானாலும், ஆன்லைனில் இலவசமாக ஒரு பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் விட வேண்டும்.

ட்ரோன்கள் பெருகிய பிறகு வந்த கெடுபிடி இது. பல பத்தாண்டுகளாக யாருக்கும் தொந்தரவு இல்லாமல் விட்டுக்கொண்டிருந்த மாடல்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. வாங்கிய அன்றே பறக்கும் ட்ரோன் ஒரு பக்கம் இழுக்க, அட்டை வெட்டிப் பசை தடவிக் காத்திருக்கும் பொறுமை பிள்ளைகளுக்கு வருமா என்ற கவலையும் உண்டு. களங்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். அப்படிப்பட்ட நேரத்தில், ஒரே அட்டையில், ஒரே சனிக்கிழமையில் முடிந்துவிடும் இறக்கை என்பது சின்ன விஷயமில்லை. எடைக்கு எடை கவனித்துச் செய்தால் அது 250 கிராமுக்குள்ளும் அடங்கும். பதிவுக் கட்டணமும் மிச்சம்.

மன்சிக்குப் போக விரும்புகிறவர்கள் மே முதல் அக்டோபர் வரை திட்டமிடலாம். அதன் பிறகு பனி. கார் இல்லாமல் சிரமம். கூட ஒரு நாள் இருந்தால், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் மில்வில் என்ற சிற்றூர் வரும். 1867-ல் வில்பர் ரைட் பிறந்த இடம். இன்னும் கிழக்கே போனால் ஒஹாயோவில் டேட்டன், ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை இருந்த ஊர். அவர்களுக்கும் ஆரம்பம் ஒரு பொம்மைதான். 1878-ல் அப்பா வாங்கி வந்த, ரப்பர் பேண்டில் சுழலும் குட்டி ஹெலிகாப்டர். மூங்கிலும் காகிதமும் தக்கையும் சேர்த்துச் செய்தது. உடையும் வரை விளையாடிவிட்டு, பிறகு தாங்களே அதேபோல் செய்து பார்த்தார்கள்.

மன்சியில் பறக்கவிடுகிறவர்கள் அதிகாலையிலேயே வந்துவிடுவார்கள். வெயில் ஏறினால் சோளக்கொல்லைப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். அதற்குள் இரண்டு பேட்டரி தீர்த்துவிட வேண்டும். அட்டை விமானத்தில் உடைந்த இடத்துக்கு டேப், டேப்புக்கு மேலே இன்னொரு டேப். காரின் டிக்கியில் எப்போதும் ஒரு முழு ஃபோம் போர்டு, வெட்டாமல், அடுத்ததற்காக.